டீசலா, பம்ப்செட்டா, மொட்டைமாடியா, சிலிண்டரா: மானியத்தை முதலில் எங்கிருந்து நகர்த்துவது?

நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் போகும் மானியத்தைச் சூரியசக்திக்கும் காற்றாலைக்கும் திருப்ப வேண்டும் என்பதில் இன்று பெரிய சண்டை இல்லை. எந்த மானியத்தை, யாருடைய கையிலிருந்து, எந்த வரிசையில் என்று கேட்டால்தான் அறை அமைதியாகிறது. பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010 ஜூனிலும் டீசல் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரிலும் போய்விட்டதால், பெட்ரோல் பங்கில் வண்டிக்கு எண்ணெய் போடுகிறவருக்கு இன்று மானியம் கிடையாது. அவர் வரிதான் கட்டுகிறார். சென்னையில் உட்கார்ந்து பார்த்தால் நகர்த்துவதற்கு மிச்சமிருப்பவை நான்கு: அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கு மாநில பட்ஜெட் தரும் டீசல் மானியம், விவசாயத்துக்கான இலவச மின்சாரம், வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், மத்திய அரசின் சமையல் எரிவாயு மானியம்.

எங்கள் வரிசையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். டீசல் முதலில். அடுத்து விவசாய ஃபீடர்கள் (துணைமின் நிலையத்திலிருந்து பம்ப்செட்டுகளுக்குப் போகும் மின்பாதைகள்). மூன்றாவதாக, சொந்த மாடி உள்ள வீடுகளின் 100 யூனிட், அதுவும் வீட்டுக்காரர் விருப்பப்பட்டால். வாடகைக் குடித்தனங்களின் இலவச யூனிட்டிலும் ஏழைகளின் சிலிண்டரிலும் இப்போதைக்குக் கைவைக்கக் கூடாது. இந்த வரிசைக்குக் காரணம் கருணை மட்டும் இல்லை, கணக்கும் அதையேதான் சொல்கிறது.

கணக்குப் போடும் முன் ஒரு விஷயம். சூரியசக்தி யூனிட் பகல் 10 மணியிலிருந்து 3 மணிக்குள் குவிகிறது. வீடுகளின் தேவையோ சாயங்காலம் 6 மணிக்கு மேல் ஏறி, கோடையில் ஏசிகளால் நள்ளிரவு தாண்டியும் இறங்க மறுக்கிறது. இரவு எட்டு மணிக்குச் சென்னையில் எரியும் விளக்குக்குப் பின்னால் அத்திப்பட்டு வடசென்னை அனல்மின் நிலையமும் (முதல் நிலை 630, இரண்டாம் நிலை 1,200 மெகாவாட், 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்ட மூன்றாம் நிலை 800), அருகிலுள்ள வல்லூரின் 1,500 மெகாவாட்டும் நிற்கின்றன. அதுவும் போதாத மாலைகளில் மின்சந்தையில் யூனிட்டுக்கு 10 ரூபாய் என்ற உச்சவரம்பு விலையையே கொடுத்து வாங்க வேண்டிவரும். ஆகவே 'ஒரு யூனிட் நிலக்கரிக்குப் பதில் ஒரு யூனிட் சூரியசக்தி' என்று நேராகக் கழித்துப் போடுகிற எந்தத் திட்டத்தையும் நம்ப வேண்டாம். நகர்த்தும் மானியத்தின் ஒரு பகுதி மின்கலத்துக்கோ உபரி மின்சாரத்தில் தண்ணீரை மேலேற்றி வைத்து, தேவையானபோது இறக்கி மின்சாரம் எடுக்கும் கடம்பாறை (400 மெகாவாட்) மாதிரியான நீரேற்று நிலையத்துக்கோ போகவில்லையென்றால், மத்தியானத்தில் மின்சாரம் வழியும், மாலையில் பழைய கதையே நடக்கும். இல்லாவிட்டால் தேவையையே பகலுக்கு இழுக்க வேண்டும். நான்கு தெரிவுகளில் இரண்டு அதைச் செய்யக்கூடியவை. பேருந்தும் பம்ப்செட்டும் மேலே வந்தது அதனால்தான்.

டீசல் மானியம்: யாருக்கும் வலிக்காத இடம்

இந்த மானியம் நேரடியாக டீசலுக்கென்றே தரப்படுகிறது. நிறுத்தினால் எந்தக் குடும்பத்தின் பில்லும் ஏறாது. பெறுபவை அரசுக் கழகங்கள் மட்டுமே, எரிபொருள் நிரப்பும் இடமும் பணிமனை என்ற ஒரே சுவருக்குள் இருக்கிறது. இவ்வளவு வசதியாக வேறெந்த மானியமும் அமையாது.

நகர நெரிசலில் ஒரு டீசல் பேருந்து லிட்டருக்கு 4 முதல் 5 கிலோமீட்டர் ஓடும். லிட்டர் 92 ரூபாய், 4.5 கிலோமீட்டர் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 20 ரூபாய் 50 காசு எரிபொருளுக்கே போகிறது. 12 மீட்டர் நீள ஏசி இல்லாத மின்பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு 1 முதல் 1.2 யூனிட், யூனிட் 8 ரூபாய் என்றால் 10 ரூபாய்க்குள் முடிகிறது. மிச்சம் பத்து ரூபாய்க்கு மேல். ஆனால் வண்டியின் விலை டீசல் பேருந்தைவிட மிக அதிகம் என்பதால் இந்தப் பத்து ரூபாய் முதலில் கடனுக்குத்தான் போகும். அதனால் வண்டியை அரசு வாங்குவதில்லை. மாநகர் போக்குவரத்துக் கழகம் 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து ஓடவிட்ட 120 மின்பேருந்துகளும், ஆகஸ்டில் பெரும்பாக்கத்திலிருந்து வந்தவையும் மொத்தச் செலவு ஒப்பந்த முறையில் ஓடுகின்றன. வண்டி, ஓட்டுநர், பராமரிப்பு எல்லாம் ஒப்பந்ததாரருடையது. கழகம் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கொடுத்து, நடத்துநரை வைத்து, கட்டணத்தை வசூலிக்கிறது. டீசலுக்குப் போகும் பணத்தை இந்தக் கிலோமீட்டர் தொகைக்குத் திருப்புவதற்குப் புதுச் சட்டமோ புது அலுவலகமோ வேண்டாம்.

இனி கசப்பான பகுதி. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.68 கிலோ கரியமில வாயு, கிலோமீட்டருக்கு 0.6 கிலோ. சுத்திகரிப்பையும் கப்பலையும் சேர்த்தாலும் 0.7 வாக்கில் நிற்கும். நாட்டின் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ வருகிறது. 1 முதல் 1.2 யூனிட் என்றால் கிலோமீட்டருக்கு 0.7 முதல் 0.84 கிலோ. அதாவது இரவில் சாதாரண இணைப்பில் சார்ஜ் செய்தால் கரியமில வாயுவில் லாபம் ஒன்றுமில்லை, சமயத்தில் நஷ்டம். புரசைவாக்கத்தில் பேருந்துக்குப் பின்னால் நிற்கிறவரின் நுரையீரலுக்குப் பெரிய லாபம், உண்மை. அந்தப் புகை அனல்மின் நிலையங்கள் இருக்கும் எண்ணூர்ப் பக்கத்துக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

இதைத் திருத்துவது சார்ஜ் செய்யும் நேரம்தான். நாளுக்கு 200 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு அதிகபட்சமாக 240 யூனிட் வேண்டும். காலை நெரிசல் பத்தரைக்கு அடங்குகிறது, மாலை நெரிசல் நாலரைக்குத் தொடங்குகிறது. இடையில் 11 முதல் 3 வரை வண்டிகளை முறைவைத்துப் பணிமனைக்கு இழுத்து, பாதித் தேவையான 120 யூனிட்டை ஏற்றலாம். 120 வண்டிக்கு 14,400 யூனிட்; நான்கு மணிநேரத்தில் சராசரி 3.6 மெகாவாட். பணிமனைக் கூரையிலேயே இதை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுக் கடந்து போங்கள்: 1 மெகாவாட்டுக்குச் சுமார் ஒரு லட்சம் சதுர அடி கூரை வேண்டும், அதுவும் நாள் முழுக்கச் சேர்த்து 4,000 யூனிட்தான் தரும். மீதியைத் தென்மாவட்டச் சூரியப் பண்ணைகளிலிருந்து ஒப்பந்தம் போட்டு எடுத்துவர வேண்டும். மானியத்தை நகர்த்தும் அரசாணையில் 'பகல் நேர சார்ஜ், புதுப்பிக்கத்தக்க மின் கொள்முதல்' என்ற இரண்டு நிபந்தனையும் இல்லையென்றால் அது போக்குவரத்துத் திட்டமே தவிர எரிசக்தித் திட்டமல்ல.

கெட்டுப்போகும் இடங்கள்: பணிமனைக்கு உயரழுத்த இணைப்பும் டிரான்ஸ்ஃபார்மரும் வருவதற்கு முன்பே வண்டி வந்து நிற்பது. ஒப்பந்தத்தில் உத்தரவாதக் கிலோமீட்டரைக் கூட்டி எழுதிவிட்டு, மெட்ரோ தோண்டிய சாலையில் ஓட்ட முடியாமல் ஓடாத தூரத்துக்கும் பணம் கட்டுவது. வியாசர்பாடி போன்ற தாழ்வான பகுதியில் சார்ஜர் மேடையைச் சாலை மட்டத்திலேயே கட்டுவது. 2023 டிசம்பரின் மிக்ஜாம் வெள்ளம் நின்ற அளவைக் குறித்து, அதற்கு மேல் மேடை எழுப்ப வேண்டும்.

விவசாய ஃபீடர்: பெரிய தொகை, பழைய பயம்

1989-90 முதல் தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். பம்ப்செட்டுகள் 20 லட்சத்துக்கும் மேல். பெரும்பாலான இணைப்பில் மீட்டர் இல்லை. குதிரைத்திறனுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒழுங்குமுறை ஆணையம் வைத்த கணக்கில் அரசு மின்வாரியத்துக்குப் பணம் கட்டுகிறது. மீட்டர் என்று வாயைத் திறந்தாலே கிராமத்தில் பேச்சு முறிந்துவிடும். அந்தச் சொல்லைத் தொடாமலே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது.

2019இல் வந்த மத்திய அரசின் பிஎம் குசும் திட்டத்தில் இதற்குப் பொருந்தும் இரண்டு வழி உண்டு. ஒன்று, தனிப் பம்பு: மின்கம்பியே இல்லாமல் வயலில் சூரியப் பலகை, கட்டுப்பாட்டுப் பெட்டி, மோட்டார். மத்திய அரசு 30 சதவீதமும் மாநிலம் குறைந்தது 30 சதவீதமும் தரும். இன்னொன்று, ஃபீடர் முழுவதையும் சூரியமயமாக்குவது: துணைமின் நிலையத்துக்கு அருகில் ஒரு சிறு சூரியப் பண்ணை, அதிலிருந்து விவசாய ஃபீடருக்கு நேரே மின்சாரம். இதற்கு மெகாவாட்டுக்கு 1.05 கோடி ரூபாய் வரை மத்திய உதவி.

தனிப் பம்பு படத்தில் அழகாக இருக்கும். 5 குதிரைத்திறன் பம்புக்குச் சுமார் 5 கிலோவாட் பலகை வேண்டும். பயிர் இல்லாத மாதங்களில் அது வெயிலில் சும்மா கிடக்கும். ஆண்டில் 200 நாள் பம்பு ஓடினால் மீதி 165 நாளின் மின்சாரம், நாளுக்கு 20 யூனிட் வீதம் 3,300 யூனிட், யாருக்கும் இல்லாமல் வீண். கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதானால் தாலுகாவில் பார்க்க ஆள் கிடைப்பதும் கஷ்டம். இணைப்புக்காக வரிசையில் காத்திருக்கிற விவசாயிக்கு மட்டும் இது பொருத்தம். ஏற்கெனவே கம்பி போன இடத்தில் ஃபீடர் முறைதான் மேல்: பம்பு நின்றால் மின்சாரம் ஊருக்குள் போகும், தூரத்துக் கம்பியில் ஏற்படும் இழப்பு குறையும், விவசாயி எதையும் மாற்ற வேண்டியதில்லை. இரவு மும்முனை மின்சாரத்துக்காகப் பாம்பு, தேளுக்கு நடுவே டார்ச்சோடு வரப்பில் நடக்கிற வேலையும் ஒழிகிறது. பகல் மின்சாரம் என்று சொன்னால் கிராமத்தில் எதிர்ப்பு வராது, வரவேற்புத்தான் வரும்.

மெகாவாட்டுக்கு 4 முதல் 5 ஏக்கர் நிலம் வேண்டும். ஃபீடர் பிரிப்பு முடியாத ஊரில் வீட்டு இணைப்பும் பம்பும் ஒரே கம்பியில் கிடக்கும்; அங்கே முதல் செலவு பலகைக்கு அல்ல, கம்பத்துக்கும் கம்பிக்கும். தண்ணீர் விஷயம் இதைவிடப் பெரிது. பகல் முழுக்க இலவச மின்சாரம் என்றால் ஆழ்துளைக் கிணறு இன்னும் கீழே போகும். பஞ்சாப் 2018இல் தொடங்கிய திட்டத்தில், ஒதுக்கிய அளவுக்குக் கீழே பயன்படுத்துகிற விவசாயிக்கு மிச்சமான ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் கொடுத்தார்கள். அதற்கு மீட்டர் வேண்டும், ஆனால் பணம் வாங்குவதற்கான மீட்டரை யாரும் பிடுங்கி எறிவதில்லை.

100 யூனிட்: ஒரு பலகையின் கணக்கு

2016 மே மாதத்திலிருந்து ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். ஆண்டுக்கு 600. சென்னை வெயிலில் 1 கிலோவாட் பலகை நாளுக்குச் சராசரி 4 யூனிட், ஆண்டுக்கு 1,400 யூனிட்டுக்கு மேல் தரும். அப்படியானால் 545 வாட் பலகை ஒன்று, ஒரே ஒன்று, ஆண்டுக்கு 750 யூனிட்டுக்கு மேல் கொடுத்து இந்த இலவசத்தை ஈடுகட்டிவிடுகிறது. பலகையின் ஆயுள் 25 ஆண்டு. அரசு அந்த 600 யூனிட்டுக்கு ஆண்டுதோறும் மூவாயிரத்தை ஒட்டிய தொகையைக் கட்டிக்கொண்டே இருக்கிறது.

'சரி, எல்லோருக்கும் ஒரு பலகை கொடுத்துவிட்டு இலவசத்தை நிறுத்திவிடலாமே' என்பது மேசையில் உட்கார்ந்து போடுகிற கணக்கு. மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தால் வேறு கணக்கு வரும்.

முதலில் பில் எப்படி ஏறுகிறது என்று பார்ப்போம். 2022 செப்டம்பர் கட்டணப்படி 500 யூனிட் வரை உள்ளவர்களுக்கு 101–200க்கு 2.25, 201–400க்கு 4.50, 401–500க்கு 6 ரூபாய். 500ஐத் தாண்டினால் பாதி விலைச் சலுகை பறிபோய், 101–400க்கு 4.50, 401–500க்கு 6, 501–600க்கு 8, 601–800க்கு 9 என்று ஏறும். 2024 ஜூலையில் இவை 4.83 சதவீதம் கூடின, படிக்கட்டு அப்படியே இருக்கிறது. இந்த அமைப்பில், 2022 விலையிலேயே, இரண்டு வீட்டை எடுத்துக்கொள்வோம்.

அண்ணாநகரில் சொந்த வீடு, இரு மாதத்துக்கு 700 யூனிட். பில் 3,650. அங்கே 3 கிலோவாட் போட்டால் இரு மாதத்துக்கு 720 யூனிட் கிடைத்து பில் ஏறக்குறைய துடைத்துப் போகும். 2 லட்சம் செலவு, 2024 பிப்ரவரியில் வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 78,000 மானியம் (முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000, அதற்கு மேல் இல்லை), கைப்பணம் 1,22,000. ஐந்தரை ஆண்டில் போட்ட பணம் திரும்பிவிடும்.

வியாசர்பாடியில் சிறிய சொந்த வீடு, 300 யூனிட். பில் 675 ரூபாய்தான். 1.5 கிலோவாட்டுக்கு, சிறியது என்பதால் விலை சற்றுக் கூட, 1,05,000. மானியம் 45,000 போக 60,000. ஆண்டுக்கு மிச்சமாவது 4,000 சொச்சம். பணம் திரும்ப 15 ஆண்டு. யார் போடுவார்கள்?

ஆக, மத்திய அரசின் சூரிய மானியம் அதிகம் எரிக்கிறவர் மாடிக்கே ஓடுகிறது. குறைவாக எரிக்கிறவரின் மாடியை மாநிலத்தின் இலவச யூனிட்டே அறியாமல் தடுக்கிறது. ஆனால் அந்த 300 யூனிட் வீட்டுக்காக அரசும், 2024 உயர்வோடு, ஆண்டுக்குச் சுமார் 4,200 ரூபாய் சுமக்கிறது: முதல் 600 யூனிட்டுக்கு முழு விலை, அடுத்த 600க்குப் பாதி விலை. வீட்டுக்காரரின் 4,050ஐயும் அரசின் 4,200ஐயும் ஒன்றாகச் சேர்த்தால் 60,000 ரூபாய் ஏழேகால் ஆண்டில் திரும்பிவிடுகிறது. தனித்தனியே யாருக்கும் கட்டாத கணக்கு, சேர்ந்தால் கட்டுகிறது. அதனால் சரியான பேரம் இது: 'உங்கள் பங்கான 60,000த்தில் பாதியை அரசு முன்பணமாகத் தரும், எட்டு ஆண்டுக்கு இலவச யூனிட்டை விட்டுக்கொடுங்கள், மீதிப் பாதிக்கு வங்கிக் கடன்.' கட்டாயமாக்கினால் தோற்கும். 2015இல் தொடங்கிய இயக்கத்தில் சமையல் எரிவாயு மானியத்தை ஒரு கோடிப் பேருக்கு மேல் தாமாக விட்டுக்கொடுத்தார்கள், கைம்மாறு ஏதும் இல்லாமலே.

ஒரே எச்சரிக்கை: பலகை போட்ட பிறகும், பலகை தந்தது போக மிஞ்சும் நிகர நுகர்வில் 100 யூனிட் இலவசம் தொடர்ந்தால் அரசு ஒரே வீட்டுக்கு இரண்டு முறை கொடுக்கிறது. அண்ணாநகர் வீட்டுக்கு அது தேவையே இல்லை.

மாடியில் என்ன தவறும்? நிழல்தான் முதல் எதிரி. தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டு அறை, பக்கத்து வீட்டுத் தென்னை. ஒரு பலகையின் ஓரத்தில் விழும் நிழல் தொடரிலுள்ள மற்றப் பலகைகளின் மின்னோட்டத்தையும் இழுத்துவிடும். கிலோவாட்டுக்கு 100 சதுர அடி நிழலற்ற இடம் வேண்டும், அதை டிசம்பர் மாதச் சாய்வு வெயிலில் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பலகை தெற்கு நோக்கி 13 பாகைச் சாய்வில் இருக்கட்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர், எண்ணூர்ப் பக்கம் உப்புக்காற்று சாதாரணத் துத்தநாகப் பூச்சைச் சில மழைக்காலங்களில் தின்றுவிடும். சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த 80 மைக்ரான் பூச்சுள்ள தாங்கியும் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டும் கேளுங்கள். 2016 டிசம்பரில் வர்தா வீசிய ஊர் இது: தாங்கியைத் தளத்தின் மேல் சும்மா வைத்த கல்லில் நிறுத்தாமல் கான்கிரீட் பீடத்தில் நங்கூர போல்ட்டால் பிடிக்க வேண்டும், பீடத்துக்கு அடியில் நீர்க்காப்பு கெடாமல். மூன்று தனி நிலஇணைப்புக் குழி: நேர்மின்னுக்கு, மாறுமின்னுக்கு, இடிதாங்கிக்கு. மூன்றையும் ஒரே கம்பியில் சேர்த்துக் கட்டுவது பணம் மிச்சம் பிடிக்கும் வேலை, இடி விழுந்தால் இன்வெர்ட்டரோடு போகும். போர்த் தண்ணீரில் கழுவினால் உப்புப் படலம் படியும். அதிகாலையில் நல்ல தண்ணீரில், 15 நாளுக்கு ஒருமுறை.

மின்கலம் இல்லாத அமைப்பு, தெருவில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைன்மேனின் உயிருக்காக அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

மானியம் வாங்கும் வழியில் மாட்டிக்கொள்கிற இடம் பெரும்பாலும் பெயர். இணைப்பு தாத்தா பெயரில், வங்கிக் கணக்கு பேரன் பெயரில் இருந்தால் விண்ணப்பம் நிற்கும். பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள், பிறகு தேசிய இணையதளத்தில் இணைப்பு எண்ணைப் பதிந்து, பட்டியலில் உள்ள நிறுவனத்தைத் தேர்ந்து, பொருத்தி, இருவழி மீட்டர் வந்து, இயக்கச் சான்று ஏறிய பிறகே பணம் வரும். பலகையும் அதற்குள் இருக்கும் செல்லும் இந்தியத் தயாரிப்பாக இருக்க வேண்டும். விலை குறைவு என்று வெளிநாட்டுச் செல் உள்ளதைப் போட்டால் 78,000மும் போச்சு. 10 கிலோவாட் வரை தொழில்நுட்ப ஆய்வுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று 2024 விதி சொல்கிறது.

அடுக்குமாடியில் மாடி எல்லோருடையது. சங்கத் தீர்மானம் இல்லாமல் ஒருவர் பலகை போட்டால் ஆறாம் மாதம் வழக்கு வரும். சங்கமே பொதுப் பயன்பாட்டுக்கு (லிஃப்ட், மோட்டார், வண்டி சார்ஜர்) போட்டால் கிலோவாட்டுக்கு 18,000 மத்திய மானியம் உண்டு. அதுதான் அங்கே சரி.

பெரும்பாக்கம், கண்ணகி நகர் மாதிரியான அரசு மறுகுடியமர்வுக் குடியிருப்புகளுக்கு வாருங்கள். அந்த 100 யூனிட்டை ஈடுகட்ட ஒரு குடும்பத்துக்கு 0.4 கிலோவாட், 40 சதுர அடி வேண்டும். எட்டு தளம் என்றால் மேலே ஒரு வீட்டின் பரப்பில் எட்டுக் குடும்பத்துக்கு 320 சதுர அடி வேண்டும். வீடே 400 சதுர அடிதான். தொட்டியும் லிஃப்ட் அறையும் எடுத்தது போக இடம் இல்லை. வாடகைக் குடித்தனத்தில் கதை இன்னும் மோசம்: யூனிட்டுக்கு 8, 10 ரூபாய் என்று உபமீட்டரில் வசூலிக்கிற வீட்டுக்காரர் பலகை போட்டாலும் லாபம் அவருக்கே. இவர்களுக்கு ஊருக்கு வெளியே உள்ள பண்ணையில் ஒரு பங்கை ஒதுக்கி, அந்த யூனிட்டை அவரவர் பில்லில் கழிக்கும் முறை வேண்டும். டெல்லி 2019இல் அதற்கு விதி வகுத்தது. இது நடைமுறைக்கு வந்து இரண்டு பில் சுற்றாவது ஒழுங்காக ஓடிய பிறகே அவர்களுடைய 100 யூனிட்டைப் பற்றிப் பேசலாம்.

சிலிண்டர்: படிக்கட்டில் இடறும் இண்டக்‌ஷன்

ஏழைக் குடும்பங்களுக்கான உஜ்வலா இணைப்புக்குச் சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம். மற்றச் சென்னைக் குடும்பங்களுக்குக் கணக்கில் விழுவது பெயரளவுக்குத்தான். பெரிய தொகை மறைவாகப் போகிறது: விற்பனை விலையைக் கீழே பிடித்து வைத்ததற்காக எண்ணெய் நிறுவனங்களுக்கு 2022இல் 22,000 கோடியும் 2025இல் 30,000 கோடியும் இழப்பீடு அறிவித்தார்கள். இதை இண்டக்‌ஷன் அடுப்புக்குத் திருப்பலாமே?

14.2 கிலோ சிலிண்டரில் உள்ள சக்தி சுமார் 180 யூனிட். அடுப்பில் மூன்றில் ஒரு பங்கு பாத்திரத்தைச் சுற்றிப் போய்விடுவதால் அதே சமையலை இண்டக்‌ஷனில் 140 யூனிட்டில் முடிக்கலாம். இரு மாதத்துக்கு ஒன்றரைச் சிலிண்டர் என்றால் 210 யூனிட். 2025 ஏப்ரலில் சென்னையில் சிலிண்டர் 868.50, ஒன்றரைக்கு 1,303.

இப்போது 280 யூனிட் எரிக்கும் வீடு 490க்குப் போகிறது. பில் 585லிருந்து 1,665. கூடுவது 1,080, 2024 உயர்வோடு 1,130 வாக்கில். 170 ரூபாய் லாபம். பக்கத்து வீடு 300 எரிக்கிறது, 510க்குப் போகிறது. பில் 675லிருந்து 2,030, உயர்வோடு கூடுவது 1,420. நஷ்டம் நூறு ரூபாய்க்கு மேல். வெறும் 20 யூனிட் வித்தியாசத்தில் லாபம் நஷ்டமாகிறது. 500 என்ற அந்தப் படியைச் சமைக்கும் வீடுகளுக்குத் தளர்த்தாமல் இண்டக்‌ஷன் அடுப்பை இலவசமாகக் கொடுத்தாலும் அது பரண்மேல்தான் ஏறும். கூடவே 2,000 வாட் அடுப்பைப் பழைய 5 ஆம்பியர் பிளக்கில் செருகினால் சாக்கெட் கருகும். 16 ஆம்பியர் பாயிண்டுக்குத் தனிக் கம்பி இழுக்க வேண்டும். அலுமினியக் குக்கரும் குழிந்த வாணலியும் உதவாது. எல்லோரும் மாலை ஏழுக்குச் சமைத்தால் சுமை அத்திப்பட்டின் தலையில்தான். இந்த மானியத்தைக் கடைசியில் வைத்ததற்கு இவ்வளவும் காரணம்.

எவ்வளவு வேகம், பணம் எங்கே பூட்டப்படும்

டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்த விதம் நினைவில் வைக்கத்தக்கது. 2013 ஜனவரியிலிருந்து மாதம் 50 காசு வாக்கில் ஏற்றி, கச்சா எண்ணெய் விலை சரிந்த நேரம் பார்த்து 2014இல் முடித்தார்கள். பெரிய கொந்தளிப்பு எழவில்லை. 2018 ஜனவரியில் தமிழ்நாட்டுப் பேருந்துக் கட்டணத்தை ஒரே இரவில் ஏற்றியபோது மாணவர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள், சில நாளில் கொஞ்சம் இறக்க வேண்டிவந்தது.

பணத்தைப் பூட்டுவது இன்னும் முக்கியம். நிலக்கரிக்கு 2010இல் டன்னுக்கு 50 ரூபாய் என்று தூய எரிசக்தி வரி போட்டு, 2016க்குள் அதை 400 ஆக்கினார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் அந்த 400 ரூபாய் மாநிலங்களின் வருவாய் இழப்பீட்டுக்குப் போனது. 2025 செப்டம்பரில் அந்த வரியையும் நீக்கி, நிலக்கரிக்கு ஜிஎஸ்டியை 5லிருந்து 18 சதவீதமாக்கி, சூரியசக்திச் சாதனங்களுக்கு 12லிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். விலை திருத்தமாக அது நல்லது. நிதி என்ற பெயரில் எதுவும் மிச்சமில்லை.

மாநிலத்தில் இதைத் தவிர்க்க, டீசல் மானியத்தில் குறைகிற ஒவ்வொரு ரூபாயும் அதே பட்ஜெட்டில் தனிக் கணக்குத் தலைப்பில் மின்பேருந்தின் கிலோமீட்டர் தொகையாகவும் பகல் மின்சார ஒப்பந்தமாகவும் காட்டப்பட வேண்டும். வீட்டுப் பேரத்தில் மிச்சமாகும் இலவச யூனிட் பணம், 2024இல் மின்வாரியத்தைப் பிரித்து உருவாக்கிய பசுமை எரிசக்திக் கழகத்தின் கையில் மின்கலத்துக்கும் நீரேற்று நிலையத்துக்கும் என்று குறித்துச் சேர வேண்டும். விநியோகக் கழகத்தின் பொதுக் கணக்கில் விட்டால் அது பழைய கடனின் வட்டிக்குப் போய்விடும்.